எண்ணெய்க் குதப் படமும் ஒரு நிலநடுக்கமும்

ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு கடலடி எண்ணெய் பற்றிய கட்டுரையில் "மின்காந்த ஆய்வு வந்துவிட்டதால் இனி நிலநடுக்க ஆய்வுக்கு வேலையில்லை" என்று போட்டிருந்தீர்கள். ஒரே வரியில் இரண்டு பிழை விடவும் ஒரு திறமை வேண்டும்தான்.

அது நிலநடுக்கம் இல்லை ஐயா. அமுக்கிய காற்றைக் கடலில் வெடிக்கவிட்டு, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒலியைப் பதிவது. கப்பலில் நாங்கள் சைஸ்மிக் என்போம். கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு எல்லாம் ஒன்றாக இருக்கலாம். 2004 மார்கழியைப் பார்த்த திருகோணமலைக் கரையில் அந்தச் சொல் என்ன செய்யும் தெரியுமா? கடலில் நிலநடுக்கம் உண்டாக்கப் போகிறார்களாமே என்று என் சின்னம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மற்றப் பிழைக்கு நானே சாட்சி. ஏழு வருடம் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களில் நின்றவன், முதலில் சைஸ்மிக், அப்புறம் மின்காந்தம். சீமெந்துக் கட்டியோடு கருவிகளைக் கடலடிக்கு இறக்கி, அடியிலிருந்து ஒரு 30 மீற்றர் உயரத்தில் மின்சாரக் கேபிளை இழுத்துப் போய், வேலை முடியக் கட்டியைக் கழற்றிவிட்டு மிதந்து வருகிறதைக் கொக்கி போட்டுத் தூக்கிய கை இது. உப்புத்தண்ணீர் ஊறிய பாறை மின்சாரத்தை லேசாகக் கடத்தும், எண்ணெய் ஊறியது தடுக்கும்; அந்த வித்தியாசத்தைத்தான் கருவிகள் பதியும். சரி, எரிமலைப் பாறையும் உப்புப் படிவும்கூடத் தடுக்குமே, மின்காந்தத்தில் படமும் மங்கலாகத்தான் வரும். சைஸ்மிக் அடுக்கைத் தெளிவாகக் காட்டும், ஆனால் கொஞ்ச வாயு இருந்தாலே நிறைய இருக்கிறது போல ஏமாற்றும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2000இல் அங்கோலாக் கடலில் மின்காந்த ஆய்வைப் பரீட்சித்ததே, எண்ணெய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த இடத்தில்தான்.

உங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஏன் எண்ணெய் என்றாலே எங்கள் திருகோணமலைச் சீனக்குடாவில் நிற்கும் எண்ணெய்க் குதங்களின், அந்தப் பெரிய தாங்கிகளின், படம்? வெள்ளைக்காரன் கப்பலுக்கு எண்ணெய் சேர்த்து வைக்கக் கட்டியது அது, எங்கள் கடலில் எடுத்ததை இல்லை. இதைப் போன வருடமும் எழுதினேன், போடவில்லை. இராசிபலனுக்கு மட்டும் அரைப்பக்கம். 2011இல் மன்னாரில் துளையிட்டு வாயு கண்டபோது நீங்கள் போட்ட தலைப்பைப் பார்த்து எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். ஒரு சிலிண்டர் வந்ததா?

அதெல்லாம் போகட்டும். வருகிற ஞாயிறு ஒரு மூலையில், 'நிலநடுக்க ஆய்வு' என்பதை 'ஒலியலை ஆய்வு' என்று வாசிக்கவும் என ஒரு வரி போட்டால் போதும். நான் சொன்னால் சின்னம்மா நம்புகிறாரில்லை, பேப்பரில் வந்தால்தான் நம்புவார். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், கண்ணாடி இன்னும் மாற்றவில்லை.

பழைய வாசகன்,
திருக்கடலூர், திருகோணமலை