நாயை விரட்டினால் புண் ஆறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவருக்குக் கையில் ஆறாத புண். மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸ் என்று தெரிந்ததும், நாயிடமிருந்துதான் வந்தது என்று சொல்லி வாசலில் கிடந்த நாய்களை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி போட்ட தாயைக்கூட விடவில்லை. மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

பிரேசிலிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் நாய்கள் இந்நோயின் கிருமியைச் சுமப்பது உண்மை. ஆனால் அந்தக் கிருமி வேறு இனம். இலங்கையில் தோல் புண் உண்டாக்குவது லீஷ்மேனியா டொனோவானி. அது பரவ நாய்தான் காரணம் என்று இங்கே நிரூபணமாகவில்லை. நாய் நக்கினால் தொற்றாது. ஈதான் கடிக்க வேண்டும்.

அந்த ஈ நுளம்பைவிட மிகச் சிறியது, சாதாரண வலைக்குள்ளும் நுழைந்துவிடும். சுவர் வெடிப்பு, மாட்டுக் கொட்டில், மக்கும் குப்பை, ஈரமண் எல்லாம் அதற்கு வசதி. லயன் அறைகளைச் சுற்றி இதில் எது இல்லை?

புண் பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அதனால் மாதக்கணக்கில் எண்ணெய் தடவிக்கொண்டே கொழுந்து பறிக்கப் போகிறார்கள். அரச வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் சிகிச்சை இலவசம். 2008 முதல் இது, கண்டறிந்ததும் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தோட்டங்களுக்கு வந்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலேயே தமிழில் இதை விளக்க வேண்டும்.

தோட்டத்து வாசகர்,
மாத்தளை