பாடி டிராப்: தளத்தை ஏற்றுவதா, சேஸிஸைத் தாழ்த்துவதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிக்கப் வண்டியைத் தாழ்த்திக் கட்டிக்கொள்ள வருபவர்களில் பலர், பாடி டிராப் (வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை ஒட்டி உடலை இன்னும் கீழே இறக்கும் வேலை) முடிய எத்தனை நாள் ஆகும் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எந்த முறையில் என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் தயங்குகிறார்கள். முறையைப் பொறுத்து வண்டிக்குள் நீங்கள் உட்காரும் விதமே மாறிவிடும் என்பதாலும், வெட்டிய தகட்டைப் பழையபடி ஆக்க முடியாது என்பதாலும், இதை முன்கூட்டியே எழுத்தில் விளக்குகிறோம்.

ஏர் சஸ்பென்ஷன் பொருத்திய பிக்கப்பில் காற்றை முழுவதும் இறக்கினால் சேஸிஸ் தரையில் படியும். (ஏர் சஸ்பென்ஷனில் வண்டியைத் தாங்குவது காற்றுப் பைகள்.) கேபின் சேஸிஸுக்கு மேலே அமர்ந்திருப்பதால், கதவுக்கு அடியில் ஓடும் ராக்கர் பேனலுக்கும் தரைக்கும் நடுவே அப்போதும் ஓர் இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியைப் போக்குவதே பாடி டிராப். பல வண்டிகளில் இது 2 முதல் 4 அங்குலம் வரை இருக்கும். கீழே 3 அங்குலம் என்றே வைத்துக்கொண்டு விளக்குகிறோம்.

கேபினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள ரப்பர் மவுண்டுகளை மெலிதாக்கினாலே போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அதில் ஏறக்குறைய ஓர் அங்குலம் கிடைக்கலாம்; கூடவே அதிர்வும் இரைச்சலும் கேபினுக்குள் வரும். அதை நாங்கள் பாடி டிராப் என்று சொல்வதில்லை.

பாடி டிராப்பை இரண்டு முறைகளில் செய்யலாம். பழைய முறையில் சேஸிஸைத் தொடுவதில்லை. கேபின் தளத்தைச் சுற்றிலும் வெட்டிப் பிரித்து, உடலை 3 அங்குலம் கீழே இறக்கி, தளத்தைச் சேஸிஸின் மேல் அது இருந்த உயரத்திலேயே மீண்டும் வெல்டிங் செய்கிறோம். தளம் இறங்காமல் கூரை மட்டும் இறங்குவதால், இருக்கையில் அமர்பவரின் தலைக்கு மேலே 3 அங்குலம் குறைந்துவிடும். முன்சுவரில் தொங்கும் பெடல்களும் பெரும்பாலான வண்டிகளில் உடலோடு சேர்ந்தே இறங்குவதால், அவற்றை மேலே மாற்றிப் பொருத்தாவிட்டால் கிளட்ச் முழுவதும் அமுங்குவதற்கு முன்பே தளத்தில் முட்டும். ஸ்டீயரிங் தண்டின் இணைப்புக் கோணமும், ரேடியேட்டருக்கு எதிரே மின்விசிறி நிற்கும் இடமும் மாறும்.

இன்னொரு முறையில் கேபின் தளம் நிறுவனம் கொடுத்தபடியே இருக்கும். அதற்கு அடியில் ஓடும் சேஸிஸ் சட்டங்களைத்தான் உயரம் குறைத்துக் கட்டுகிறோம். இருக்கை, பெடல், தலைக்கு மேலுள்ள இடம் எல்லாம் பழையபடி கிடைக்கும். ஆனால் இங்கே வேலை முழுவதும் வண்டியின் முதுகெலும்பில் நடக்கிறது. ஒரு செவ்வகக் குழாயின் அகலத்தையும் சுவர்த் தடிப்பையும் மாற்றாமல் உயரத்தை மட்டும் பாதியாக்கினால், வளைவைத் தாங்கும் விறைப்பு பாதியாவதோடு நிற்காது; நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே அகலமான, தடித்த குழாய்களையும் கூடுதல் குறுக்குச் சட்டங்களையும் சேர்த்துத்தான் இதைக் கட்ட வேண்டும். வெறுமனே கீறி, நடுவே ஒரு பட்டையை எடுத்துவிட்டு ஒட்டித் தரச் சொன்னால் அந்த வேலையை நாங்கள் ஏற்பதில்லை.

எஞ்சின் தொல்லையிலிருந்து இரண்டு முறையும் உங்களைக் காப்பாற்றாது. பழைய முறையில் உடல் எஞ்சின்மேல் இறங்குவதால் பானெட் முட்டக்கூடும். சேஸிஸைத் தாழ்த்தும் முறையில் எஞ்சினை உடலுக்கு ஏற்ற பழைய இடத்திலேயே விட்டால் ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) சேஸிஸுக்குக் கீழே தொங்கும். எஞ்சினை உயர்த்தினால் மறுபடியும் பானெட்தான் தடுக்கும். கியர்பாக்ஸுக்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்கும் (பின்சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் தண்டு) மேலுள்ள மேட்டையும் பெரும்பாலும் உயர்த்தியாக வேண்டும். பின்பெட்டியின் தளத்தை எப்படியும் வெட்டி ஏற்றுவோம் என்பதால், சுமை ஏற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நாள்தோறும் ஓட்டுபவருக்கும், சற்று உயரமானவருக்கும், தளத்தைத் தொடாத முறையையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். வேலை கூடுதல், நாளும் கூடுதல். கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் வண்டிக்கும், இருக்கையை எப்படியும் மாற்றப் போகிறவருக்கும் பழைய முறை போதும். அதில் சேஸிஸின் வலு குறைவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த முறையானாலும், வெட்டுவதற்கு முன் கதவு வாய்களின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்து முட்டுக் கொடுப்போம். வேறோரிடத்தில் முட்டில்லாமல் வெட்டப்பட்ட கேபின் ஒன்று எங்களிடம் வந்தபோது, இரு கதவுகளுமே மூடவில்லை; அதைச் சரிசெய்யச் செலவான நேரத்தில் முழு வேலையையும் புதிதாகவே முடித்திருக்கலாம். சீட் பெல்ட் பிடிப்பு வரும் இடங்களில் அடித்தகடு வைத்து வலுவூட்டுவோம். எரிபொருள் தொட்டியைக் கழற்றாமல் வெல்டிங் தொடங்குவதில்லை. சேஸிஸிலும் தளத்திலும் செய்யும் மாற்றத்திற்கு உங்கள் ஊரின் வாகன விதிகளில் அனுமதி உண்டா என்பதையும், காப்பீடு தொடருமா என்பதையும் நீங்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளவெடுக்க வரும்போது, கடைசியாக ஓட்டப் போகும் சக்கரங்களையும் டயர்களையும் மாட்டிக்கொண்டு, சஸ்பென்ஷன் வேலையை முடித்த நிலையில் வண்டியைக் கொண்டுவாருங்கள். டயரின் வெளி விட்டம் பிறகு மாறினால், அதற்காக வெட்டிக் கட்டிய சக்கரக் குழியை மறுபடியும் வெட்ட நேரும். காற்றை இறக்கி, ராக்கர் பேனலின் இடைவெளியை நான்கு இடங்களில் உங்கள் முன்னிலையிலேயே அளந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் தலைக்கு மேலுள்ள இடத்தையும் குறித்துக்கொண்ட பிறகே முறையை முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
பட்டறைப் பொறுப்பாளர்