ஆக்சலாட்டலுக்கு முன் தெர்மாமீட்டர் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆக்சலாட்டல் என்கிற தண்ணீர்ப் பிராணியின் வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் ‘ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தால் போதும்’ என்று எழுதியிருந்தது, அதுதான் இடிக்கிறது. நான் தருமபுரியில் ஃபிரிட்ஜ், ஏ.சி. பழுது பார்க்கிறவன். இப்போதெல்லாம் கடைக்கு வரும் காலேஜ் பசங்கள் “அண்ணே, தொட்டித் தண்ணிய எப்படிண்ணே கூலா வைக்கிறது?” என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்த்த அக்கா மகள் வளர்த்தது. அவள் வெளிநாடு போகும்போது “மாமா, உங்களை விட்டால் குளிர் தெரிஞ்ச ஆள் யாரு?” என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அது மீன் இல்லை, தவளைக்குச் சொந்தக்கார இனம். கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள் நிற்கும், கண்ணுக்கு இமை கிடையாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

அதற்குப் பூர்வீகம் மெக்சிகோ நகரத்து சோச்சிமில்கோ கால்வாய்கள். அந்த இடம் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், அதாவது நம் ஊட்டியின் உயரம். தண்ணீர் 16 முதல் 18 டிகிரியில் இருந்தால் அதற்குச் சுகம், 20 வரை தாங்கும். 24-ஐத் தாண்டினால் சாப்பாட்டை நிறுத்தும், வால் நுனி கொக்கி போல் வளையும், பிறகு பூஞ்சை பிடிக்கும். சித்திரை மாதம் நம்மூர் மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டி மேல் ஃபேன் வைத்தால் போதுமா என்கிறார்கள். காற்று காய்ந்து கிடக்கும் நாளில் மூன்று நான்கு டிகிரி இறங்கும். முப்பதிலிருந்து நான்கு போனால் இருபத்தாறு, பதினெட்டு ஆகாது. ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது கரண்ட் போன அவசரத்துக்குச் சரி. தினமும் செய்தால் தண்ணீர் சடாரென்று இறங்கி சடாரென்று ஏறும், அந்த ஏற்ற இறக்கமே அதை வாட்டும். இங்கே உருப்படியான வழி மீன் தொட்டிக்கென்று வரும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின்தான், இல்லையென்றால் ராப்பகலாக ஏ.சி. ஓடும் அறை. சில்லரை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அது வெளியே தள்ளும் சூட்டையே திரும்ப இழுத்து கம்ப்ரசர் திணறும். தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் தெர்மாகோல் ஒட்டினால் கரண்ட் போனாலும் குளிர் சீக்கிரம் ஓடிவிடாது. மாடி அறையை விட கீழ்த்தளம் மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பழைய வாட்டர் கூலரில் கழற்றிய காப்பர் காயிலைத் தொட்டிக்குள் இறக்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள், செலவு குறையுமாம். காப்பர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். செதில் இல்லாத மெல்லிய தோல், வெளியே தொங்கும் செவுள் என்று இருக்கிற ஜீவனுக்கு அது விஷம். மீன் தொட்டி சில்லர்களில் டைட்டானியம் காயில் போடுவது சும்மா இல்லை. எத்தனை ரூபாய் கொடுத்தாலும் அந்த வேலையை நான் செய்ய மாட்டேன், வேறு மெக்கானிக் செய்து தந்தாலும் வாங்காதீர்கள்.

மற்றதெல்லாம் சுலபம். ஆர்.ஓ. கேன் தண்ணீர் வேண்டாம், தாது உப்பு இல்லாத தண்ணீர் அதற்கு ஆகாது. கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து விட்டு, நிழலில் வைத்து, ஆறிய பிறகு ஊற்றுங்கள். ஃபில்டர் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. கூழாங்கல் போட்டால் இரையோடு விழுங்கி வயிறு அடைத்துக்கொள்ளும். இரைக்கு மண்புழு. பாலக்கோடு பக்கம் மருந்தடித்த தக்காளித் தோட்டத்துப் புழு மட்டும் வேண்டாம். உரக் குழியில் இருக்கும் பொடிச் சிவப்புப் புழுவை எங்கள் வீட்டு ஆக்சலாட்டல் வாயில் வாங்கி அப்படியே துப்பிவிடும், பெரிய புழு என்றால் ஒரே உறிஞ்சல்.

கட்டுரை சொல்லாமல் விட்டது இன்னொன்று. சோச்சிமில்கோவில் 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36 ஆகிவிட்டன. சாக்கடை ஒரு காரணம். இன்னொன்று, அங்கே கொண்டுபோய் விட்ட கெண்டையும் ஜிலேபி மீனும். ஆமாம், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போனால் நாம் வறுத்துத் தின்கிற அதே ஜிலேபிதான். அதனால் வளர்க்க முடியவில்லை என்று இதை நம் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். சூட்டில் அது சாகும், ஒருவேளை அதன் நோய் நம் தவளைக்கு ஒட்டும்.

அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கும் உயிரினம் என்பதால், 2022-ல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். 2024-ல் விதிகளும் வந்துவிட்டன, விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில். விற்கிறவர் இதைச் சொல்வதில்லை. வாங்கும்போதே ரசீதும் மற்ற காகிதங்களும் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் போட இடம் இல்லையென்றால், ஐயா, காப்பர் காயில் பற்றிய பத்தியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஏ.சி. மெக்கானிக் ஒருவர்,
பென்னாகரம் சாலை, தருமபுரி.