விண்ணப்பத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அழைத்தபோதெல்லாம் நான் தொலைபேசியை எடுக்கவில்லை. எடுத்தால் "நேரில வா, சாப்பிட்டுக்கொண்டு கதைப்பம்" என்பீர்கள். நானும் வந்து உங்கள் புட்டையும் கணவாய்க் கறியையும் சாப்பிட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அதனால் எழுத்திலேயே சொல்கிறேன். குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பூர்வகுடிக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய காசை எங்கள் நிறுவனத்துக்குக் கேட்டு நீங்கள் எழுதிய விண்ணப்பத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறீர்களே, அந்தப் பொறுப்புக்கு நான் வரவில்லை.

இதை ஏன் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். மெல்பேர்னில் எங்கள் இருவரையும் தெரிந்தவர்களுக்கு இந்த அக்கா யார் என்று இந்நேரம் விளங்கியிருக்கும், அதற்கு மன்னியுங்கள். ஆனால் சமூகப்பணி படித்துவிட்டு எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தத் துறைக்குள் வருகிறார்கள், விக்டோரியாவின் சிறு நகரங்களில் வேலை கிடைத்துப் பூர்வகுடிப் பெண்களுக்கு முன்னால் போய் உட்காருகிறார்கள். உங்களிடம் மட்டும் சொன்னால் இது அக்கா தங்கை மனஸ்தாபம் என்பதோடு முடிந்துவிடும். நிறுவனத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதமாட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், தயவுசெய்து பின்னூட்டத்தில் வந்து திருத்திவிடாதீர்கள்.

முர்ரே ஆற்றுப் பக்கத்து அந்த நீதவான் நீதிமன்றம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. குடும்ப வன்முறைச் சம்பவத்துக்குப் போன பிறகு எங்களைப் போன்ற சேவைகளுக்குப் பொலிஸ் அனுப்புகிற எல்-17 படிவம் உங்கள் கையில் இருந்தது. அதில் பெண்ணின் பெயர், பிள்ளைகளின் வயது, கடைசியில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி. நான் புதிது, இடர் மதிப்பீட்டுத் தாளை மடியில் வைத்து முதல் கேள்விக்குப் பேனாவைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கூட வந்திருந்த ஆன்ட்டிதான் (சொந்தமோ இல்லையோ, மூத்த பெண்களை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள், எங்களைப் போலவே) உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ எந்த இடம், உன்னுடைய ஆட்கள் யார் என்று கேட்டார்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அம்மாவின் ஊரைச் சொன்னீர்கள், அம்மம்மாவின் ஊரைச் சொன்னீர்கள், பிறகு 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்ததைச் சொன்னீர்கள், நான் உங்கள் வாயால் அதை அதற்கு முதல் கேட்டதே கிடையாது. ஆன்ட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் தாய் நடந்த கதையைச் சொன்னார். அது அவருடைய கதை, நான் எழுத முடியாது. எல்லாரும் வாசிக்கக்கூடிய சரித்திரத்தை மட்டும் சொல்கிறேன்: 1939 பெப்ரவரியில் அந்த ஆற்றங்கரைக் கம்மராகன்ஜா பூர்வகுடிக் குடியிருப்பிலிருந்து ஏறக்குறைய 200 பேர், அரசாங்கம் வைத்த மேலாளரின் கெடுபிடியும் சாப்பாட்டுத் தட்டுப்பாடும் பொறுக்க முடியாமல், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தோடு, வீடுகளை விட்டு ஆற்றைக் கடந்து விக்டோரியாப் பக்கம் வந்தார்கள்.

நீங்கள் அந்தத் தாளைத் தொடவேயில்லை. ஆன்ட்டி பக்கத்தில் இருப்பது விருப்பமா என்று பெண்ணைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்த் தனியாகக் கேட்டீர்கள், ஏனென்றால் உறவுக்காரரே ஆபத்தாக இருக்கிற வீடுகளும் உண்டு. ஆன்ட்டி இருக்கட்டும் என்று அந்தப் பெண் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெண் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி, நான் வாய் திறந்தால் பிள்ளைகளை எடுத்துவிடுவார்களா என்பதுதான். இல்லவே இல்லை என்று சும்மா ஆறுதல் சொல்லாமல், எதை நீங்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டும், எதை வேண்டியதில்லை, அறிவிக்க வேண்டி வந்தால் முதலில் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். அப்போதுதான் அவர் சொல்லத் தொடங்கினார். கழுத்தை நெரித்தது உட்பட. உயிராபத்து என்று அந்தத் தாளில் குறித்திருக்கிற கேள்விக்கான பதில், யாரும் கேட்காமலே வந்தது.

நெரித்தவர் பூர்வகுடி ஆள் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் விருந்துகளில் இந்தப் பேச்சு வந்தவுடன் "அவங்கள் குடிச்சுப்போட்டு அடிக்கிறவங்கள்தானே" என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்கிறவர்களும் இதை வாசிப்பார்கள். குடும்ப வன்முறையால் பூர்வகுடிப் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேரும் விகிதம் மற்றப் பெண்களைவிட 32 மடங்கு என்று 2018 இல் வந்த அரசாங்க அறிக்கை சொல்கிறது. அதைச் செய்கிற ஆண்களில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பொலிஸுக்கு அழைக்கப் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் மேற்கு அவுஸ்திரேலியாவின் சவுத் ஹெட்லண்டில் 22 வயது யமாட்ஜி பூர்வகுடிப் பெண் ஒருவரை, குடும்பத்தின் விருப்பப்படி மிஸ் டூ என்றே எல்லாரும் சொல்கிறார்கள், துணைவரோடு சேர்த்து பொலிஸ் கைது செய்தது. அவர்மேல் இருந்தது கட்டாமல் விட்ட 3,622 டொலர் அபராதம். துணைவர் முன்பு உடைத்த விலா எலும்பிலிருந்து தொற்றுப் பரவியிருந்தது. வலிக்கிறது என்று அழுததை நடிப்பு என்றார்கள். கைதான மூன்றாம் நாள் இறந்துபோனார். இதை எனக்கு முதலில் சொன்னதே நீங்கள்தான், காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்.

வெளியே வரும்போது ஆன்ட்டி கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐந்து மணிக்கு நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு இவளோடு யார் இருக்கிறது? அந்த ஊரில் பூர்வகுடியினரே நடத்துகிற சேவையின் இலக்கத்தைக் கொடுத்தீர்கள். அங்கே இந்த வேலைக்கு ஒரே ஒரு ஆள், அவருக்கும் ஜூன் 30 வரைக்கும்தான் சம்பளத்துக்குக் காசு. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனது அவர்தான். பிள்ளைகளின் பாட்டியை அவருக்குத் தெரியும், எந்த மாமா வீட்டில் அன்றிரவு படுக்கலாம், எந்த மாமா வீட்டில் கூடாது என்பதும் தெரியும். எங்கள் கோப்பில் எங்கே இருக்கிறது அக்கா அந்த விவரம்?

இதெல்லாம் தெரிந்த நீங்கள் எப்படி அந்த விண்ணப்பத்தை எழுதினீர்கள்? பூர்வகுடிக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய மூன்று வருடக் காசு அது. அதை எங்கள் நிறுவனத்துக்குக் கேட்கிறீர்கள். பண்பாட்டுப் பாதுகாப்புக்கு, அதாவது வருகிறவர் தன் பண்பாட்டோடு பயமில்லாமல் சேவை பெறுவதற்கு, என்ன செய்வோம் என்ற கேள்விக்கு ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, வரவேற்பறையில் ஓவியம், கூட்டம் தொடங்கமுதல் மண்ணின் உரிமையாளர்களுக்கு மரியாதை. பிறகு, எங்கள் ஊழியர் பலர் இடம்பெயர்ந்தவர்கள் என்பதால் பூர்வகுடியினரின் வலி எங்களுக்கு விளங்கும் என்று ஒரு வசனம். அதை வாசித்ததும் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பாலத்தைத் தாண்டி நடந்ததை ஆன்ட்டி கேட்டதால் சொன்னீர்கள், அதை ஒரு தகுதிச் சான்றிதழாகக் காட்ட உங்களுக்கே எப்படி மனம் வந்தது? எங்களுக்கு இந்த நாட்டில் விசா தந்தது எந்த அரசாங்கமோ அதே அரசாங்கம்தான் அவர்களுடைய பிள்ளைகளை எடுத்தது. அதற்காக 2008 பெப்ரவரி 13 அன்று பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார். ஆன்ட்டியின் கண்ணுக்கு நாங்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற அந்தப் பக்கத்து ஆட்கள்தான்.

போதாததற்கு அன்றைக்கு நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடந்ததையும் பெயரில்லாமல் விண்ணப்பத்தில் ஒரு பெட்டிக்குள் 'சிறந்த நடைமுறை' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த இருவரிடமும் கேட்டீர்களா?

பண்பாட்டுப் பாதுகாப்பு என்பதைத் தாதியர் கல்விக்குள் கொண்டுவந்த நியூசிலாந்து மாவோரித் தாதி இரிஹாபெற்றி ராம்ஸ்டனைப் பற்றியும் நீங்கள்தான் சொல்லித்தந்தீர்கள். பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்வது சேவையைப் பெற்றவர், கொடுத்தவர் இல்லை. அப்படியென்றால் எங்களுக்கு நாங்களே எப்படிப் புள்ளி போட்டுக்கொள்வது?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பூர்வகுடி அமைப்பில் சொந்தக்காரர் வேலை செய்கிறார்கள், கதை வெளியே போய்விடும் என்று பயந்து எங்களிடம் வருகிற பெண்கள் இருக்கிறார்கள். உண்மை. அவர்களுக்காக எங்கள் கதவு ஒழுங்காகத் திறக்க வேண்டும், அதற்கு நாங்கள் படிக்க வேண்டும், அதை எங்கள் சொந்தக் காசில் செய்ய வேண்டும். பூர்வகுடியினரே நடத்துகிற அமைப்புகள் இருக்கின்றன: 1970களிலிருந்து எலிசபெத் மோர்கன் ஹவுஸ் பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்துவருகிறது, 2002 இலிருந்து ஜிரா சட்ட உதவி செய்கிறது, ஆண்களோடு டார்டி முன்வூரோ வேலை செய்கிறது. குடும்ப வன்முறையைப் பற்றி 2018 இல் மாநில அரசும் பூர்வகுடித் தலைவர்களும் செய்துகொண்ட டெல்க் ஜா ஒப்பந்தத்தின் அடிப்படையே சுயநிர்ணயம். சுயநிர்ணயத்தைப் பற்றி உங்கள் வீட்டு மேசையில் எத்தனை இரவு கதைத்திருப்போம்! எங்களுக்குக் கேட்டதை அவர்களுக்கு வந்த காசில் மறக்கலாமா?

 

டண்டினோங் வீட்டில் எனக்கு அறை தந்தீர்கள், உங்கள் குளிர்க்கோட்டைத் தந்தீர்கள், முதல் வேலையையும் வாங்கித் தந்தீர்கள். ஒருநாளும் வாயால் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் நான் மறுத்துப் பேசும்போதெல்லாம் அண்ணன் அந்தக் கோட்டைப் பற்றிக் கதை எடுப்பார், நீங்கள் பேசாமல் இருப்பீர்கள். அது சரியில்லை அக்கா. உங்களை மாதிரி ஒருவரை இந்தத் துறையில் நான் வேறு கண்டதுமில்லை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டியிருப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டு, அந்த ஊர் அமைப்புக்கு ஆதரவுக் கடிதம் கொடுப்பதென்றால் சொல்லுங்கள், இரவிரவாக இருந்து எழுத நான் வருகிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் அதையும் விட்டுவிடுவோம். அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால் ஊழியர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், அந்தப் பெட்டியையும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி