கேத்தரினுக்கு இரண்டு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆன் பொலினுக்கு முக்கால் பக்கம். தலையை வெட்டிய கதை, சரி, எழுதவும் படிக்கவும் விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் முதல் மனைவியான அரகான் கேத்தரினுக்கு இரண்டே வரி. ஸ்பெயினிலிருந்து வந்தார், ஆண் வாரிசு இல்லாததால் விவாகரத்து ஆனது என்பதோடு முடித்துவிட்டீர்கள். 1509 முதல் 1533 வரை இங்கிலாந்தின் அரசியாக இருந்தவருக்கு இவ்வளவுதானா?

நான் வரலாறு படித்தவள் இல்லை. முப்பது வருஷமாகத் துணி தைத்துப் பிழைக்கிறவள். கேத்தரின் மேல் எனக்குப் பிடிப்பு வந்ததும் ஊசி நூல் வழியாகத்தான். வெள்ளை லினன் துணியில் கறுப்புப் பட்டு நூலால் கழுத்திலும் மணிக்கட்டிலும் போடும் பூவேலை ஒன்று உண்டு. அதற்கு இங்கிலாந்தில் ஸ்பானிய வேலை என்றே பெயர் விழுந்தது. அதைக் கொண்டு வந்ததே கேத்தரின்தான் என்பார்கள். அவர் வருவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது, ஆனால் ஊரெல்லாம் பரவியது அவர் கைராசியால் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படித்தான் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உங்கள் கட்டுரையில் 1513ஆம் ஆண்டே இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அந்த வருஷம் ஜூன் கடைசியில் ஹென்றி பிரான்ஸ் மீது படையெடுத்துக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 22. நாட்டை ஒப்படைத்துவிட்டுப் போனது எந்த அமைச்சரிடமும் இல்லை, 27 வயது மனைவியிடம். அரசப் பிரதிநிதி என்ற பதவியோடு தலைமைத் தளபதி என்ற பொறுப்பும் சேர்த்து. படை திரட்டலாம், கஜானாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கலாம், கையெழுத்துப் போடலாம். ஆலோசனை சொல்ல பேராயர் வார்ஹம் போன்ற சில பெரியவர்கள் உடன் இருந்தார்கள்.

பிரான்சை இங்கிலாந்து தொட்டால் ஸ்காட்லாந்து சும்மா இருக்காது. அவர்களுக்குள் பழைய ஒப்பந்தம். ஆகஸ்ட் 22 அன்று ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸ் ட்வீட் ஆற்றைத் தாண்டி வந்துவிட்டார். இந்த ஜேம்ஸ் வேறு யாருமில்லை, ஹென்றியின் அக்கா மார்கரெட்டின் கணவர். அதாவது கேத்தரினுக்கு நாத்தனார் வீட்டுக்காரர்.

ஆபத்து வருகிறது என்று தெரிந்து, அதற்குச் சில நாள் முன்பே, ஆகஸ்ட் 13 அன்று, கேத்தரின் பிரான்சில் இருந்த ஹென்றியின் ஆலோசகர் வுல்சிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கொடிகளும் பதாகைகளும் சின்னங்களும் தயார் செய்வதில் தலைக்கு மேல் வேலை என்கிறார் அதில். இதை முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடி தைப்பது பெண்டாட்டிமார் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துப் போர்க்களத்தில் புகையும் கூச்சலுமாக இருக்கும்போது ஒரு சிப்பாய் தன் ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பது கொடியை வைத்துத்தான். கொடி போதவில்லை என்றால் படை சிதறிப்போகும். ஆர்டர் கொடுத்த ஆள் நாளைக்கே வேண்டும் என்று நிற்கும்போது எப்படி இருக்கும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

செப்டம்பர் 9 அன்று இங்கிலாந்தின் வட எல்லையில் உள்ள ஃப்ளாடனில் சண்டை நடந்தது. களத்தில் படையை நடத்தியவர் எழுபது வயதைத் தொட்ட சர்ரே பிரபு, அந்தப் பெருமையை அவரிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து வீரர்களின் நீண்ட ஈட்டிகள் சரிவும் சேறுமான நிலத்தில் கைகொடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஜேம்ஸும் அவருடைய பிரபுக்கள் பலரும் பிணமானார்கள். ஸ்காட்லாந்து தரப்பில் 10,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். முதல் படை தோற்றால் தடுத்து நிறுத்த வேறொரு படை வேண்டுமே என்று கேத்தரின் வடக்கு நோக்கிக் கிளம்பியிருந்தார். கவசம் போட்டுக் குதிரையில் போனார் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் நம்பவில்லை. போகிற வழியிலேயே வெற்றிச் செய்தி வந்துவிட்டது.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் எனக்கு இன்றும் நெஞ்சை என்னவோ செய்கிறது. செப்டம்பர் 16 அன்று வோபர்னிலிருந்து கணவருக்குக் கடிதம் எழுதி, கூடவே செத்துப்போன ஜேம்ஸின் மேலங்கியை அனுப்பினார். கவசத்துக்கு மேலே போடுகிற துணி. நான் வாக்குத் தவறவில்லை பாருங்கள், உங்கள் கொடிகளுக்கு ஒரு ராஜாவின் அங்கியை அனுப்புகிறேன் என்று எழுதினார். உடலையே அனுப்பலாம் என்று நினைத்தேன், நம் ஆங்கிலேயர்களின் மனசு அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றும் ஒரு வரி. இதற்குச் சில வாரம் முன்னால் ஹென்றி பிரான்சில் லாங்வில் பிரபுவைப் பிடித்து, கைதியாக மனைவிக்கு அனுப்பி வைத்திருந்தார். நீங்கள் ஒரு பிரபுவை அனுப்பினீர்கள், நான் ராஜாவையே முடித்துவிட்டேன் என்கிற தொனி கடிதத்தில் தெரிகிறது.

ரத்தம் காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழுப்பாகி விறைத்துப் போயிருக்கும், மடித்தால் மடங்காது. அதை மடித்து மூட்டை கட்டச் சொன்னவர், அந்தப் பக்கம் தாலாட்ட வேண்டிய பிள்ளையோடு விதவையாகிவிட்ட நாத்தனாரை நினைத்தாரா? மார்கரெட்டின் மகனுக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. அந்தக் குழந்தையின் பெயரில் ஸ்காட்லாந்தை ஆளும் பொறுப்பு மார்கரெட்டிடம் வந்தது. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெண்கள் ஆட்சி. கேத்தரினை நல்லவர், பாவப்பட்டவர் என்று மட்டும் சொல்கிறவர்களும் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

இன்னொரு திருத்தம். விவாகரத்து என்று நீங்கள் எழுதியது சரியில்லை. 1533 மே மாதம் பேராயர் கிரான்மர் அறிவித்தது, அந்தத் திருமணமே செல்லாது என்று. கேத்தரின் முதலில் ஹென்றியின் அண்ணன் ஆர்தரை மணந்தவர், கல்யாணமான ஐந்தே மாதத்தில், 1502இல், ஆர்தர் இறந்துபோனார். அதைக் காரணம் காட்டி, நீ அரசியே இல்லை, ஆர்தரின் விதவை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டத்தோடு ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து காட்டியபோது, பேனாவும் மையும் வாங்கி அந்த வார்த்தைகளை அடித்துவிட்டார். வேலையாட்களுக்குப் புதுச் சீருடை தைக்கச் சொல்லி, அதில் ஹென்றி, கேத்தரின் என்ற இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளையும் போடச் செய்தார். பதிலும் துணியில்தான்.

1530இல்கூட, ஆன் பொலின் அரண்மனையில் இருக்கும்போதே, ஹென்றி தன் சட்டைகளைத் தைக்கக் கேத்தரினிடம்தான் துணி கொடுத்தனுப்பினார். அது தெரிந்து ஆன் போட்ட சண்டையைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர் எழுதி வைத்திருக்கிறார். 1529இல் அந்தத் திருமணம் செல்லுமா என்ற வழக்கு நடந்தபோது வுல்சியும் போப்பின் பிரதிநிதியாக ரோமிலிருந்து வந்த கம்பெஜியோவும் கேத்தரினிடம் பேசப் போனார்கள். கேத்தரின் கழுத்தில் வெள்ளை நூல் கண்டைப் போட்டபடியே வெளியே வந்தார். பெண்களோடு உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன், இப்படி ஒரு விஷயத்துக்கு ஆயத்தமாக இல்லை என்றார். நானும் அளவெடுக்க ஆள் வந்தால் கழுத்தில் நூலோடுதான் எழுந்து போகிறேன்.

கடைசிக் காலத்தில் கிம்போல்டனில் எழுதிய உயிலில், அரசரிடம் இருக்கும் என் உடுப்புகளைக் கொண்டு என்னைப் புதைக்கும் மடத்துக்கு வழிபாட்டுத் துணிகள் செய்யட்டும், அவற்றிலுள்ள மென்மயிர்த் தோல்களை மகள் மேரிக்குக் கொடுக்கட்டும் என்று கேட்டிருந்தார். 1536 ஜனவரி 7 அன்று இறந்தார். பீட்டர்பரோவில் அரசியாக இல்லாமல், இளவரசரின் விதவையாக அடக்கம் செய்தார்கள். இன்று அந்தக் கல்லறைக்கு மேலே இங்கிலாந்தின் அரசி என்றே பொன்னெழுத்தில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அவருடைய சின்னமான மாதுளம்பழத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த ஞாயிறு திருத்தம் போட இடம் இல்லை என்றால், அந்தச் செப்டம்பர் கடிதத்தை மட்டுமாவது தமிழில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
தையல் வேலை செய்பவள்