மேடைக்கு வராதவர்களுக்கு ஒரு நன்றி

அமெரிக்கக் கச்சேரிகளை முடித்து மும்பை திரும்பிய எங்கள் கர்நாடக இசைக் குழுவின் வணக்கம். பொன்னாடை எங்களுக்குக் கிடைத்துவிட்டது. இந்த மடல் அது கிடைக்காதவர்களுக்கு.

முதலில், தாராவியில் எங்கள் மிருதங்கங்களுக்கு மூட்டு (தோலைச் சுற்றிய தோல் வளையம்) கட்டி, வாரை இழுத்து இறுக்கித் தந்தவருக்கு. மும்பையின் ஈரக்காற்றில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். அமெரிக்காவில் ஹீட்டர் ஓடும் அரங்கில் தோல் இறுகிச் சுருதி ஏறும், தோலின் நடுவே உள்ள கரணை என்ற கறுப்பு வட்டமும் வெடிக்கும். கிட்டக்கல் பொடியும் சோறும் பிசைந்த கரணையை அவர் மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்துக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொட்டார். அவசரமாகத் தடித்துப் பூசினால் முதல் வாரமே ஓரம் பெயர்ந்துவிடும்.

விமானத்தில் ஏற்றுமுன் மூட்டு வளையத்தைக் கீழிருந்து மேலாகத் தட்டிச் சுருதியை அரைக்கட்டை இறக்கச் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஓர் இரவு அறைச்சூட்டில் வைக்கச் சொன்னார். தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, ஒட்டும் ரவையை வழக்கத்தைவிடத் தளரப் பிசையுங்கள் என்றதும் அவர்தான். கெட்டி ரவை வறண்ட அரங்கில் தாளவாத்தியம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குள் காய்ந்து உதிரும், கும்கி என்ற குழைவான அடிநாதம் போயே போய்விடும்.

உடும்புத்தோல் கட்டிய கஞ்சிராவை (கையில் பிடித்து வாசிக்கும் சிறு தாளவாத்தியம்) வீட்டிலேயே வைக்கச் சொன்ன நண்பருக்கும் நன்றி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது. கஸ்டம்ஸில் அது 'பாட்டனார் வாசித்த கஞ்சிரா' என்று சொல்லிப் பயனில்லை. ஆட்டுத்தோலில் நாதம் ஒரு மாற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

கலைஞர்களுக்கான பி-3 விசாவுக்குரிய ஐ-129 மனுவை அங்கிருந்தே போட்ட அமைப்பாளர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். மனுவோடு பத்திரிகை விமர்சனங்களும் போக வேண்டும். தமிழில் வந்ததென்றால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், பெயர்த்தவர் கையொப்பமிட்ட சான்றும் தேவை. பாராட்டை மட்டும் வெட்டி ஒட்ட வழியில்லை. 'நிரவலில் காலப்பிரமாணம் ஓடியது' (ஒரு வரியை விரித்துப் பாடுகையில் வேகம் கூடிவிட்டது) என்ற வரியையும் விடாமல் பெயர்த்துத் தந்த மாட்டுங்கா மாமிக்கு நமஸ்காரம். அந்த வரியை எழுதிய விமர்சகருக்கும்தான்! எந்தக் கிருதி, எந்த இடம் என்று சுட்டிக் குறை சொன்னதால் அது விமர்சனமாக நின்றது. 'ரசிகர்கள் மெய்மறந்தனர்' ரகத்தில் நாலைந்து கையில் இருந்தன. யார் பெயரைப் போட்டாலும் அவை பொருந்தும்.

அரசியலும் உண்டு. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிய 1943-லேயே எழுந்த கேள்வி கடல் தாண்டியும் தொடர்கிறது: தமிழ்ப் பாட்டு கச்சேரிக் கடைசியில் வரும் துக்கடாவுக்கு மட்டும்தானா? கோபாலகிருஷ்ண பாரதியின் தமிழ்ப் பாட்டை மெயினாக, அதாவது கச்சேரியின் முக்கிய உருப்படியாக வைத்து விரிவாகப் பாடுங்கள் என்று முன்கூட்டியே எழுதிய தமிழ்ச் சங்கத்தாருக்கு நன்றி. கச்சேரி பாதியில் இதைப் பாடுங்கள் என்று சீட்டு அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

தங்க இடம் தந்த குடும்பங்கள் சோறு போட்டதோடு எலெக்ட்ரானிக் தம்புராவையும் காப்பாற்றின. அங்கே மின்சாரம் 120 வோல்ட். அடாப்டரில் '100-240' என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். '230' மட்டும் இருந்தால் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தார்கள்.

மிருதங்கத்தின் நாதத்தைப் புகழ்ந்த எந்த விமர்சனத்திலும் அதைக் கட்டியவர் பெயர் இல்லை. நாங்கள் ஒவ்வொரு மேடையிலும் சொன்னோம். இந்த மடலில் மட்டும் போட வேண்டாம் என்கிறார்: ஆர்டர் குவிந்தால் செய்ய இருப்பது இரண்டு கைதானாம். அண்ணே, மூன்று மிருதங்கமும் வரும் வாரம் உங்களிடம் வருகின்றன. ஒன்றில் வலந்தலை (வலப்பக்கத் தோல்) கரணை லேசாகப் பெயர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
குழுவினர்,
மாட்டுங்கா, மும்பை