அளவெடுத்துவிட்டுக் கை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மரப் பாய்மரப் படகுகளை மீட்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. வார்னிஷ் பூசி மின்னும் படகைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஆசையில் ஒரு படகை வாங்கிக் கரையேற்றுகிறவர் முதல் சில வாரங்களில் எதைச் செய்யக்கூடாது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. மீட்க வந்தவர் கையிலேயே படகு கெடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

வெயிலில் ஏற்றி வைத்த படகின் பலகைகள் அகலவாக்கில் சுருங்கும். இடுக்குகளில் வெளிச்சம் தெரியும். உடனே பயந்துபோய், கல்லாக இறுகும் எபாக்சிப் பசையை அதில் அடைத்துவிடுவார்கள். திரும்பத் தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊறிப் பருக்கும், அடைத்தது விட்டுக்கொடுக்காது. கடைசியில் பலகையை விலாச்சட்டத்தோடு பிடித்திருக்கும் ஆணிகள்தான் இழுபட்டுப் போகும். இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து, மேலே மென்மையான மக்கு (புட்டி) பூசும் பழைய முறை இதற்காகவே வந்தது. படகு முழுவதையும் மெல்லிய ஃபைபர்கிளாஸால் போர்த்துவது இன்னொரு கூத்து. மரம் அசையும், போர்வை அசையாது. நடுவில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லை. ஓட்டை அடைபட்டதுபோல் தெரியும், உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும்.

மக்கும் இடத்தையும் பலர் தப்பாகத் தேடுகிறார்கள். உப்புநீரில் ஊறும் அடிப்பலகையை விட, மழைநீர் கசியும் மேல்தள ஓரங்களும் முன்முனை மரத்தின் தலையும்தான் முதலில் போகும். மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. ஆகவே மேலே காற்றோட்டமுள்ள ஒரு கூரை போட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, நான் எழுத வந்தது இதற்கும் முந்தைய ஒரு வேலையைப் பற்றி. அளவெடுப்பது. அடிமரத்துக்கு நெடுகச் சரியாக முட்டுக் கொடுக்காத படகின் இரு முனைகளும் காலப்போக்கில் தொங்கிப்போகும், நடு முதுகு மேலெழும். அந்தக் கோணலோடு சட்டங்களைக் கழற்றினால், கோணலையே அச்சாக வைத்துப் புதுப்படகு கட்டியதாகிவிடும். தூக்குநூல், மட்டப்பலகை, அளவு நாடா போதும். இப்போது கைபேசிப் படங்களை இணைத்தே முப்பரிமாண வடிவம் எடுக்க முடிகிறது. சட்டங்களை மாற்றும்போதும் ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றினால்தான் உருவம் நிற்கும்.

எல்லாப் படகையும் காப்பாற்ற முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1895-இல் கட்டிய சி. ஏ. தேயர் என்ற ஸ்கூனர் வகைப் பாய்மரக் கப்பல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. அதே பட்டறைக்காரர் 1897-இல் கட்டிய வவோனா 2009-இல் பிரிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் பணமும் இடமும் எங்கே கிடைக்கும்? ஆனால் அளவுகள் இருந்தால் முழுதாகத் தொலைவதில்லை. 1936–37-இல் அங்கே ஒரு அரசுத் திட்டம் நடந்தது. பொருளாதார மந்தத்தில் வேலை இழந்திருந்த கப்பல் வரைவாளர்களை அனுப்பி, கைவிடப்பட்டுக் கிடந்த பழைய மரக்கலங்களையும் அளந்து வரையச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான கலங்களின் வரைபடங்கள் ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக நிறுவனத்தில் இருக்கின்றன. அந்தக் கலங்களில் பலவற்றுக்கு இன்று மிஞ்சியது அந்தத் தாள்தான்.

முழுதாகப் புதுப்பித்த படகிலும் இதே கதைதான். 1910-இல் கட்டப்பட்டு, 1927-இல் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்மரப் பந்தயத்தை வென்ற டாலி ஹோ என்ற படகு பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2024-இல் மீண்டும் தண்ணீரில் இறங்கியது. அதில் பழைய மரம் மிகக் கொஞ்சம். "அப்படியானால் இது அதே படகா?" என்று கேட்டு நாள் முழுக்க வாதிடுகிறவர்கள் உண்டு; எனக்கு அதில் ஆர்வமில்லை. அங்கே காப்பாற்றப்பட்டது உருவம், அவ்வளவுதான்.

எனவே ஒரு வேண்டுகோள். வார்னிஷ் பூசுவது பற்றி அடுத்த இதழில் தொடர் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் அளவெடுக்கும் முறைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள், கோட்டுப்படங்களோடு. வார்னிஷ் ஒரு மாதம் காத்திருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்